பன்னிரண்டு எண்ணிய பிறகு

தெற்குப் பிரான்ஸில் ஒரு துறைமுக ஊர். மேடையில் கேஸ் விளக்கு எரிந்த காலம். அந்த ஊரில் ஓர் ஆப்பெரா அரங்கு இருந்தது. ஆப்பெரா என்றால் பயந்துவிட வேண்டாம். பேச வேண்டியதை எல்லாம் பாடியே தீர்க்கிற நாடகம், அவ்வளவுதான். காதலும் பாட்டு, சண்டையும் பாட்டு. கத்திக்குத்துப் பட்டவள்கூட முழுப் பாட்டையும் பாடி முடித்துவிட்டுத்தான் கண்ணை மூடுவாள்.

அந்த நாடகத்தில் பெண்களுக்கு வேஷம் கொடுப்பவர்கள் முகத்தையும் பார்க்க மாட்டார்கள், வயதையும் பார்க்க மாட்டார்கள். குரலைத்தான் பார்ப்பார்கள். உச்சியில் பறக்கிற குரலா, நீ கதாநாயகி. கீழே இறங்கி ஓடுகிற கனத்த குரலா, நீ அம்மா, செவிலி, குறி சொல்கிறவள், சூனியக்காரி. கனத்த குரல்காரிகளில் கொஞ்சம் மேலே எட்டிப் பிடிக்கிறவளை மெஸ்ஸோ என்பார்கள். அடிமட்டத்திலேயே நிற்கிறவளைக் கான்ட்ரால்டோ என்பார்கள். பெயர்தான் இரண்டு, தலையில் கவிழ்ப்பது அதே நரைமுடி டோப்பாதான். இருபத்திரண்டு வயதுக்காரி தன்னைவிடப் பத்து வயது மூத்தவளுக்கு அம்மாவாக நின்று அழுவாள். சனங்களும் கூடச் சேர்ந்து அழுவார்கள். யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

லியோனி மொரான்ஸே அந்த அரங்கில் இருபது வருஷம் மகளாகவே இருந்தவள்.

அவளை ஊர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது ஒரே ஒரு பாட்டுக்காக. கடலுக்குப் போனவனை எதிர்பார்த்துத் தாயும் மகளும் கரையில் காத்துக் கிடக்கிற கதை ஒன்று உண்டு. அதன் கடைசிக் காட்சியில் தூரத்தில் ஒரு கப்பல் இவர்களைக் கண்டுகொள்ளாமல் போகும். மகள் 'வா' என்று கூப்பிடுவாள். அந்த ஒரு சொல்லை உச்சியில் நிறுத்தி, பதினெட்டு எண்ணி முடிக்கிறவரை பிடித்திருக்க வேண்டும். வாத்தியங்கள் எல்லாம் அந்த இடத்தில் ஓய்ந்துவிடும். தாய் மட்டும் கீழே அதே சொல்லைப் பிடித்தபடி கூட வருவாள், அதுவும் பன்னிரண்டு எண்ணுகிறவரைதான். அதற்கப்புறம் ஆறு எண்ணிக்கைக்கு மகள் தன்னந்தனி.

சும்மா சொல்லக்கூடாது, அந்த ஆறு எண்ணிக்கைக்காகவே பக்கத்து ஊர்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். 'ஒரே மூச்சு லியோனி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். உண்மையில் போகப் போக அது ஒரே மூச்சாக இல்லை. பதினாலாவது எண்ணில் ஒரு மிடறு காற்றை அவள் கண் இமைக்கும் நேரத்தில் திருடிக்கொள்வாள். யாருக்கும் கேட்டதில்லை. அது அவளுடைய தொழில் ரகசியம். புருஷன் உயிரோடு இருந்தவரை அவனிடம்கூட அவள் சொன்னதில்லை.

நாற்பத்திரண்டு வயதில் குரல் இறங்க ஆரம்பித்தது. முதலில் உச்சி போயிற்று. பிறகு உச்சிக்குக் கீழே இருந்ததும் போயிற்று. மிளகும் தேனும் விழுங்கிப் பார்த்தாள், கடலுப்பில் வாய் கொப்பளித்துப் பார்த்தாள், மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிப் பார்த்தாள். போனது போனதுதான். இரண்டு வருஷம் வீட்டோடு கிடந்தாள். சந்தையில் பார்க்கிறவர்கள் இன்னும் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்வார்கள். அது அவளுக்கு இன்னும் வேதனையாக இருந்தது.

அப்போதுதான் அரங்கின் மேலாளர் ஆள் அனுப்பினார். கான்ட்ரால்டோ இடம் காலியாகியிருந்தது. பதிமூன்று வருஷம் அந்த இடத்தில் பாடிய ஊர்சுல் பெனாக் என்பவளுக்குப் போன பனிக்காலத்தில் விஷக்காய்ச்சல் கண்டு, உயிர் தப்பியது, குரல் தப்பவில்லை. உங்கள் குரல்தான் இறங்கிவிட்டதே, இறங்கிய இடத்திலேயே ஒரு வேலை இருக்கிறது, வருகிறீர்களா என்று மேலாளர் கேட்டார். மனுஷர் நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். லியோனி அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாள் சரி என்று சொல்லி அனுப்பினாள்.

ஆனால் சரி என்று சொல்லிவிட்டால் வேலை கிடைத்துவிடாது. தலைநகருக்கு வெளியே இருந்த அரங்குகளில் அந்தக் காலத்தில் ஒரு பொல்லாத வழக்கம் இருந்தது. எந்த இடத்துக்குப் புதிதாக வந்தாலும் மூன்று ஆட்டம் பாடிக் காட்ட வேண்டும். மூன்றாவது ஆட்டம் முடிந்ததும் மேலாளர் மேடைக்கு வந்து, இவரை ஏற்றுக்கொள்கிறீர்களா என்று சனங்களைக் கேட்பார். கைதட்டல் அதிகமா, இருக்கலாம். சீட்டி அதிகமா, மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். சீட்டி அடிக்கிறவர்கள் வாயால் அடிப்பதில்லை, அதற்கென்றே பையில் ஊதல் வைத்துக்கொண்டு வருவார்கள். சொந்த ஊரிலேயே ஊதித் துரத்தப்பட்டவளை வேறு எந்த ஊரும் சேர்த்துக்கொள்ளாது. பாடுவதைத் தவிர லியோனிக்கு வேறு ஒன்றும் தெரியாது. ஒழுங்காக ஒரு பொத்தான் தைக்கக்கூடத் தெரியாது.

முதல் ஆட்டத்தில் செவிலி வேஷம். என்ன செய்தாள் தெரியுமா? கதாநாயகியின் பாட்டுக்கு வாத்தியம் ஆரம்பித்ததும், இவள் கால் தானாக நடந்து மேடையின் நடுவுக்கு வந்து நின்றுவிட்டது. மறந்த வரியை எடுத்துக்கொடுக்கிற ப்ராம்ப்டர் உட்காரும் பெட்டிக்கு நேர் எதிரே, வெளிச்சம் நன்றாக விழுகிற இடம். இருபது வருஷம் அந்த வாத்தியம் கேட்டால் அங்கேதான் போய் நிற்பாள். பாவம், கதாநாயகியாக வந்த நீனோன் என்ற பத்தொன்பது வயதுப் பெண் நிற்க இடமில்லாமல் செவிலியின் முதுகுக்குப் பின்னால் நின்று காதலைப் பாடினாள். அரங்கமே சிரித்தது. லியோனிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. திரை விழுந்ததும் மேலாளர் வந்து, இன்னொரு தடவை அந்தப் பெண்ணின் இடத்தில் கால் வைத்தால் சனங்களைக் கேட்கும்வரை காத்திருக்க மாட்டேன், நானே அனுப்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டாம் ஆட்டத்தில் பயந்துபோய் ஓரமாக நின்றாள். குரலும் கூடவே ஓரமாக நின்றுவிட்டது. மேல் மாடத்திலிருந்து ஒருவன், அம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டதா என்று கேட்டான். ஏழெட்டு ஊதல்கள் ஊதின.

மூன்றாம் ஆட்டம் பத்து நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை பகல். கரைக் கதை. மகளாக நீனோன், தாயாக லியோனி. அறிவிப்புத் தாளை லியோனி மறுபடி மறுபடி படித்தாள்.

அதற்கு மறுநாள் அவள் யோசனை கேட்க ஊர்சுலின் வீட்டுக்குப் போனாள்.

அவ்வளவு சுலபமாகப் போய்விடவில்லை. தெருமுனைவரை வந்து இரண்டு தடவை திரும்பிப் போனாள். ஊர்சுல் அவளைவிட ஒன்பது வயது இளையவள். இருபத்திரண்டு வயதில் நரைமுடி டோப்பாவை மாட்டிக்கொண்டு லியோனிக்கு அம்மாவாக வந்து நின்றவள். பதினோரு வருஷம் அப்படி நின்றாள். அந்தப் பதினோரு வருஷத்தில் லியோனி அவளிடம் மனசு விட்டுப் பேசியதில்லை. ஒரு தடவை மட்டும் பேசினாள், அது பேச்சு இல்லை, ஏச்சு. கரைப் பாட்டில் தாய் பன்னிரண்டில் நிறுத்த வேண்டும். ஊர்சுல் நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே போனாள். ஒரு நாள் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, எல்லாரும் சுற்றி நிற்கும்போது லியோனி கேட்டாள். "உனக்கு எண்ணத் தெரியாதா? பன்னிரண்டுக்கு மேல் என் இடம்."

ஊர்சுல் மன்னிப்புக் கேட்டாள். அடுத்த ஆட்டத்திலும் இழுத்தாள். கைதட்டலில் பங்கு கேட்கிறாள் என்று லியோனி முடிவு கட்டிவிட்டாள். அதற்கப்புறம் அவளோடு பேச்சே வைத்துக்கொள்ளவில்லை.

கதவைத் திறந்த ஊர்சுலின் முகத்தில் ஆச்சரியம் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே வந்து உட்காரச் சொன்னாள். காய்ச்சல் தின்றுபோட்ட தொண்டையில் பேச்சு மட்டும் கரகரவென்று மிச்சம் இருந்தது. சமையலறை மேஜையில் ஒரு கூடைப் பட்டாணி. உரித்துக்கொண்டே, பாடம் சொல்லித் தருகிறேன், ஆனால் பாடம் நடக்கும்போது உங்களை நீ என்றுதான் சொல்வேன், வாசல்படி தாண்டினால் பழையபடி மதாம் என்றாள். லியோனி தலையாட்டினாள்.

"கேள்" என்றாள் ஊர்சுல்.

"இருபது வருஷம் நான் பாடி நிறுத்தினால் கைதட்டல் விழும். இப்போது நிறுத்தினால் பக்கத்தில் நிற்கிறவளுக்கு விழுகிறது. கைதட்டல் விழாத இடத்தில் எப்படி நிற்பது, ஊர்சுல்?"

ஊர்சுல் ஒரு பட்டாணித் தோலைப் பிளந்தாள்.

"கரைப் பாட்டில் உன் பக்கத்தில் எத்தனை வருஷம் நின்றேன்?"

"பதினோரு வருஷம்."

"நான் பாடியதைப் பாடு."

இதென்ன பிரமாதம் என்று லியோனி வாயைத் திறந்தாள். மகளின் மெட்டு வந்தது. நிறுத்திவிட்டு மறுபடி திறந்தாள். மறுபடியும் மகளின் மெட்டுத்தான். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். தாய் எந்தச் சுரத்தில் ஆரம்பிப்பாள், எங்கே இறங்குவாள், எங்கே ஏறுவாள்? பதினோரு வருஷம் காதுக்கு ஒரு முழம் தள்ளி ஒலித்த பாட்டு. ஒரு சுரம்கூட ஞாபகம் இல்லை. வெட்கம் காதுவரை ஏறி அவளுக்கு முகமெல்லாம் சுட்டது.

"தெரியவில்லை" என்றாள்.

"நாளைக்கு வா" என்றாள் ஊர்சுல். அன்றைய பாடம் அவ்வளவுதான்.

மறுநாள் ஊர்சுல் தன் பழைய பாட்டுப் பிரதியை எடுத்துக் கொடுத்தாள். ஓரமெல்லாம் மடங்கி, காப்பிக் கறை படிந்த பிரதி. கரைப் பாட்டில் தாய் நிறுத்த வேண்டிய இடத்தில், பன்னிரண்டாவது எண்ணில், நிறுத்தக் குறியைப் பென்சிலால் குறுக்கே அடித்திருந்தது. லியோனிக்குப் பழைய கோபம் எட்டிப் பார்த்தது. எழுதியவர் போட்ட குறியையே அடித்துவிட்டாயே என்று கேட்டாள். அதற்கு ஊர்சுல், உனக்கு அரங்கில் புதுப் பிரதி தருவார்கள், அதில் குறி பத்திரமாக இருக்கும் என்றாள்.

பிறகு ஆரம்பித்தது ஒரு வேடிக்கையான பாடம். லியோனி தாயின் பாட்டைப் பாடுவாள். எதிரே உட்கார்ந்து ஊர்சுல் மகளின் பாட்டைப் பாடுவாள். குரலா அது? காக்கைக்குச் சளி பிடித்த மாதிரி இருக்கும். அதுவும் ஒழுங்காகப் பாடினாலாவது பரவாயில்லை. பாதியில் இருமுவாள், காப்பி குடிப்பாள், பட்டாணிக் கூடையை நகர்த்துவாள், ஜன்னலுக்கு வெளியே யாரோ கூப்பிட்டால் எழுந்து போய்ப் பதில் சொல்வாள். அவள் நிறுத்துகிற போதெல்லாம் லியோனியும் நிறுத்திவிட்டுக் காத்திருப்பாள்.

"ஏன் நிறுத்தினாய்?" என்று கேட்பாள் ஊர்சுல்.

"நீ நிறுத்தினாயே."

"நான் நிறுத்தினேன். நீ ஏன் நிறுத்தினாய்?"

ஊர்சுல் மறுபடி ஆரம்பிப்பாள், மறுபடி இருமுவாள், மறுபடி அதே கேள்வி. மூன்று நாள் இதே கூத்து. இவளுக்குப் பழி தீர்த்துக்கொள்ள நல்ல சந்தர்ப்பம் கிடைத்திருக்கிறது என்றுகூட லியோனி நினைத்தாள். நான்காம் நாள் எரிச்சல் தாங்காமல், நீ இருமினால் என்ன, செத்தால் என்ன என்று லியோனி தன் பாட்டுக்குப் பிடித்துக்கொண்டே போனாள். ஊர்சுல் இருமினாள், காப்பி குடித்தாள், வாயைத் துடைத்தாள். திரும்ப வந்து பாட்டில் சேர்ந்துகொண்டபோது லியோனியின் குரல் அங்கேயே இருந்தது.

அன்று ஊர்சுல் ஒன்றும் கேட்கவில்லை. அவள் உரித்துக்கொண்டிருந்த கூடையில் பாதியை லியோனியின் பக்கம் தள்ளினாள். இருவருமாக உரித்தார்கள்.

அரங்கில் ஒத்திகை நடந்தது. புதுப் பிரதியில் குறி பத்திரமாகத்தான் இருந்தது. லியோனி பன்னிரண்டில் கச்சிதமாக நிறுத்தினாள். வாத்தியக் குழுவின் தலைவர் அந்த இடம் வந்ததும் இடது கையைத் தூக்கி, நிறுத்து என்று வேறு காட்டுவார். முதல் ஆட்டத்தின் கூத்தை அவரும் மறக்கவில்லை. நீனோனோ ஒத்திகையில் அந்தக் கூப்பிடலை அரைக்குரலில் தொட்டுவிட்டு விட்டுவிடுவாள். உச்சக்குரல்காரிகள் ஒத்திகையில் குரலைச் செலவழிக்க மாட்டார்கள். லியோனியும் செலவழித்ததில்லை. அதனால் அந்தப் பெண்ணுக்கு மூச்சு எதுவரை வரும் என்று யாருக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை அரங்கு நிரம்பி வழிந்தது. வந்தவர்களில் பாதிப்பேர் பழைய ரசிகர்கள். அந்தச் சின்னப் பெண்ணுக்கு லியோனியின் மூச்சு எங்கே வரப்போகிறது என்று பேசிக்கொண்டார்கள். அது மேடையின் ஓரத்தில் நின்றவளுக்கு நன்றாகவே கேட்டது. மறைப்பானேன், அவளுக்கு அது தேனாக இனித்தது. இந்தப் பெண் இன்று தடுக்கி விழுந்தால், ஊர் யாரை நினைக்கும்? அட, அந்தப் பழைய மொரான்ஸே அல்லவா பாடகி என்று சொல்வார்கள். கடைசியில் சனங்களைக் கேட்கும்போது அந்த நினைப்பே போதும், நாலு பேர் அதிகமாகத் தட்டுவார்கள். தான் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. எழுதியபடி பன்னிரண்டில் நிறுத்தினால் போதும்.

இப்படி நினைத்ததற்காக அவளே அவளைக் கடிந்துகொண்டாள். ஆனாலும் நினைப்புப் போகவில்லை.

கடைசிக் காட்சி வந்தது. துணியில் வரைந்த கடல், மரத்தில் அடித்த பாறை. நீனோன் முன்னால் நின்றாள். லியோனி ஒரு அடி பின்னால், நரைமுடியோடு, மகளின் முதுகில் ஒரு கையை வைத்தபடி நின்றாள். தாய் அந்த இடத்தில் அப்படித்தான் நிற்க வேண்டும். வாத்தியங்கள் ஓய்ந்தன. நீனோன் கூப்பிட்டாள்.

நல்ல குரல். லியோனி கீழே தன் சுரத்தைப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் எண்ணினாள். ஐந்து, ஆறு, ஏழு. எட்டாவது எண்ணில் அவள் கைக்கு அடியில் அந்தப் பெண்ணின் முதுகு நடுங்க ஆரம்பித்தது. பத்தில் விலா எலும்புகள் உள்ளே ஒட்டிக்கொண்டன. காற்று தீர்ந்துபோன உடம்பு எப்படி இருக்கும் என்று லியோனிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பதினெட்டு எங்கே, இவள் பதினாலைக்கூடத் தாண்ட மாட்டாள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பதினொன்று. வாத்தியக் குழுத் தலைவரின் இடது கை மேலே போயிற்று.

பன்னிரண்டு. நிறுத்து என்று கை சொன்னது. நிறுத்து என்று பிரதியும் சொன்னது. அந்தப் பெண்ணின் இடத்தில் கால் வைத்தால் அனுப்பிவிடுவேன் என்று சொன்ன மேலாளர் பக்கவாட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். லியோனிக்கு வேலை போய்விடும், ஊர் போய்விடும், எல்லாம் போய்விடும் என்று தோன்றியது. அவள் நிறுத்தவில்லை.

பதிமூன்று. பதினாலில் நீனோனின் குரல் அறுந்தது. அறுந்த அந்த நொடியில் லியோனி தன் சுரத்தை அடிவயிற்றிலிருந்து விரித்தாள். அரங்கு முழுவதும் அந்த ஒரு 'வா' கனமாகப் பரவி நின்றது. அவளுக்குப் பக்கத்தில் அந்தப் பெண் காற்றை இழுத்த சத்தம் துருத்தி இழுத்த மாதிரி கேட்டது. இவ்வளவு பெரிய சத்தமா என்று லியோனி திடுக்கிட்டாள். ஆனால் அது அவளுடைய குரலைத் தாண்டிச் சனங்களிடம் போகவில்லை. நீனோனின் குரல் மறுபடி மேலே ஏறி வந்து உட்கார்ந்ததும், லியோனி தன் குரலை யாருக்கும் தெரியாமல் கரைத்துவிட்டாள். பதினாறு. பதினேழு. பதினெட்டு.

கைதட்டலில் அரங்கே இடிந்து விழுகிற மாதிரி இருந்தது. நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினார்கள். பழைய ரசிகர்கள்தான் அதிகம் கத்தினார்கள். ஒரே மூச்சு, ஒரே மூச்சு என்று நீனோனின் பெயரைச் சொல்லிக் கூவினார்கள்.

திரை விழுந்ததும் அந்தப் பெண் ஓடி வந்து லியோனியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். உடம்பெல்லாம் வியர்வை, கண்ணெல்லாம் தண்ணீர். யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு காதில் சொன்னாள்.

"உங்களிடம் மட்டும் சொல்கிறேன், மதாம். பதினாலில் ஒரு மிடறு எடுத்துக்கொண்டேன். கண் இமைக்கும் நேரம்தான். யாருக்கும் கேட்கவே இல்லை."

லியோனியின் முகத்தில் ஈயாடவில்லை. அந்தப் பெண்ணின் தோளுக்கு மேலாக எங்கேயோ பார்த்தாள். பதினோரு வருஷத்து ஆட்டங்கள் ஒவ்வொன்றாக வந்து அவள் முன்னால் நின்றன. வாயைத் திறந்தாள்.

"நன்றாகப் பாடினாய், கண்ணு" என்றாள். வியர்த்த உடம்பில் காற்றுப் படக்கூடாது என்று தன் சால்வையைக் கழற்றி அவளுக்குப் போர்த்திவிட்டாள்.

மேலாளர் மேடைக்குப் போனார். மூன்று தடவை குனிந்து வணங்கினார். மதாம் மொரான்ஸேயைக் கான்ட்ரால்டோவாக ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்டார். சனங்கள் நீனோனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர் இன்னொரு தடவை கேட்டார். ஆமாம் ஆமாம், அதற்கென்ன, அந்தப் பெண்ணை அனுப்புங்கள் என்று கீழ் வரிசையில் சிலர் சொன்னார்கள். கொஞ்சம் பேர் தட்டினார்கள். ஊதல் கொண்டுவந்தவர்களுக்கு அதைப் பையிலிருந்து எடுக்கவே ஞாபகம் வரவில்லை. மேலாளர் இதை ஏற்பு என்று எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். வாழ்த்துகள் மதாம் என்றார். வாத்தியக் குழுத் தலைவர் அவளைத் தாண்டிப் போகும்போது தலையைத் தாழ்த்திவிட்டுப் போனார்.

அவ்வளவுதான். தலை தப்பியது. இனி ஊரை விட்டுப் போக வேண்டாம், மூட்டை கட்ட வேண்டாம். ஆனால் லியோனி சந்தோஷப்படக்கூட மறந்து யாரையோ தேடிக்கொண்டு போனாள்.

ஊர்சுல் மேடைக்குப் பின்னால், மரத்தில் செய்த படகின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். பழைய இடம் என்பதால் வாசல்காரன் அவளை உள்ளே விட்டிருந்தான். மடியில் கைகளை வைத்துக்கொண்டு கைதட்டலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். லியோனி அவளுக்கு எதிரே வந்து நின்றாள்.

"எத்தனை ஆட்டத்தில் இழுத்தீர்கள்?" என்று கேட்டாள்.

"நீ என்னோடு எத்தனை பாடினாய்?"

"நூற்று நாற்பத்தாறு."

ஊர்சுல் கொஞ்சம் யோசித்தாள்.

"முதல் இரண்டு வருஷத்தை விட்டுவிடு. அப்போது உனக்கு நல்ல மூச்சு இருந்தது."

லியோனி படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நரைமுடி டோப்பா ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அதைச் சரிசெய்ய அவளுக்குத் தோன்றவில்லை. கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

"எல்லார் முன்னாலும் உங்களை ஏசினேன். எண்ணத் தெரியாதா என்று கேட்டேன்."

"ஞாபகம் இருக்கிறது."

"அன்றைக்காவது சொல்லியிருக்கலாமே. பதினோரு வருஷம். ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

வெளியே சனங்கள் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். லியோனியின் சால்வையைப் போர்த்திக்கொண்டு, கை நிறையப் பூவோடு, நீனோன் மறுபடி திரையை நோக்கி ஓடினாள். ஊர்சுல் அவள் போவதைப் பார்த்தாள். பிறகு லியோனியைப் பார்த்தாள்.

"நீ அவளிடம் சொல்லிவிட்டாயா?"